நாலடிக்கு ஓரடி பலகையில் மீட்டர் கேஜ் உப்பு சைடிங்: பாதை, இன்ஜின், காட்சியமைப்பு

நாலுக்கு ஒண்ணு (சென்னை)

வணக்கம். ஹாலில் புத்தக அலமாரிக்கு மேல் 4 அடி நீளம், 1 அடி அகலம் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் அனுமதியும் அவ்வளவுக்குத்தான். வட்டப் பாதை போட்டு ரயிலைச் சுற்றவிடும் ஆசை எனக்கு இல்லை. வேகன்களைப் பிரித்து, சேர்த்து, தள்ளி, இழுத்து விளையாட ஒரு மாடல் ரயில் ஷண்டிங் லேஅவுட் வேண்டும்.

இடமும் காலமும் முடிவாகிவிட்டன. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி போன மீட்டர் கேஜ் பாதை, எண்பதுகளின் பிற்பகுதி. அப்படியே நகல் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் இருந்திருக்கக்கூடிய ஒரு கற்பனை உப்பு சைடிங், அதாவது உப்பு ஏற்றும் பக்கப் பாதை. அளவு 1:87, தண்டவாள இடைவெளி 12 மி.மீ.

என் வரைபடத்தில் நாலு சைடிங், இன்ஜின் வண்டியின் மறுமுனைக்குப் போக ஒரு லூப், ஒரு ஒய்.டி.எம்.-4 டீசல் இன்ஜின். தாளில் பார்க்க நன்றாக இருக்கிறது. பலகையில் பாதை பிரியும் பாயின்ட்களை வைத்துப் பார்த்தால் வேகனுக்கு இடமே மிஞ்சவில்லை. எதை வெட்டுவது?

இன்னொன்று. ஊரே தட்டை. மலை இல்லை, குகை இல்லை, மேம்பாலம் இல்லை. காட்சியமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

குரோய்டன்காரன் (லண்டன்)

லூப்பை வெட்டுங்கோ, நாலாவது சைடிங்கையும் வெட்டுங்கோ. மிஞ்சுவதற்கு இங்கே ஒரு பெயர் உண்டு: இங்கிள்நுக். ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ்காரர் அமைத்தது. நார்தம்பர்லாந்தில் ஆல்ன்விக்–கார்ன்ஹில் கிளைப்பாதையில் இருந்த கில்ஹம் சைடிங்தான் அவருக்கு மாதிரி. இரண்டே இரண்டு பாயின்ட். ஒரு சைடிங்கில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் 3, 3. பாயின்ட்டுகளுக்கு இந்தப் பக்கம் இன்ஜினும் 3 வேகனும் மட்டும் நிற்கிற அளவுக்கு ஒரு முட்டுப்பாதை.

பலகையில் 8 வேகன். எட்டுக்கும் எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுக்க வேணும். வந்த வரிசையிலேயே அந்த ஐந்தையும் நீள சைடிங்கில் சேர்த்து நிறுத்த வேணும். ஆட்டம் அவ்வளவுதான். வரக்கூடிய வரிசைகள் 8 × 7 × 6 × 5 × 4, அதாவது 6,720. எந்த வரிசை வந்தாலும் முடித்துவிடலாம், அதுதான் இந்த 5-3-3 கணக்கின் அழகு.

இங்கே கண்காட்சிகளில் பெரிய பெரிய லேஅவுட்டுகளுக்கு நடுவில் இப்படி ஒரு சின்னப் பலகையைச் சுற்றிக் கனபேர் நிற்பார்கள். ஓடுகிற ரயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும். இதில் அடுத்த நகர்வு என்ன என்று பார்க்கிறவரும் யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

ஈயப்பற்று (கோவை)

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நாலு சக்கர மூடு வேகன், கப்ளிங்கிலிருந்து (இணைப்புக் கொக்கி) கப்ளிங் வரை 75 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வேகன் 225, ஐந்து வேகன் 375. சின்ன ஷண்டிங் இன்ஜின் 110. ஆக முட்டுப்பாதைக்கு 335, பாதை முடிவில் வண்டியைத் தடுக்கும் பஃபர் கட்டையோடு 350. பாயின்ட் ஒன்றுக்கு 200 ஒதுக்குங்கள்.

இப்போது முக்கியமான இடம். ஐந்து வேகன் சைடிங்கை முதல் பாயின்ட்டிலேயே பிரித்துவிடுங்கள். இரண்டாவது பாயின்ட்டில் 3-3. அப்போது ஒரு பக்கம் 350 + 200 + 375 = 925. மறுபக்கம் 350 + 200 + 200 + 225 = 975. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் முடிகின்றன, பலகை வீணாகாது. மாற்றிப் போட்டு ஐந்தை இரண்டாவது பாயின்ட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் 1,125 ஆகிவிடும்.

4 அடி என்பது 1,219 மி.மீ. ஃபௌலிங் மார்க்குக்கு (பக்கத்துப் பாதை வண்டியில் இடிக்காத எல்லை) உள்ளே வேகன் நிற்க ஒவ்வொரு சைடிங்கிலும் 60, 70 கூடுதலாக விட்டாலும் பஃபர் கட்டைக்குப் பின்னால் புதர் வைக்க இடம் மிஞ்சும்.

ஒய்.டி.எம்.-4 மட்டும் ஒத்துவராது. ஆறு அச்சு இன்ஜின், இந்த அளவில் இரண்டு வேகனைவிட நீளம். அதற்கேற்ப முட்டுப்பாதையை நீட்டினால், பிறகு சின்ன இன்ஜினை ஓட்டும்போது நாலாவது வேகனும் உள்ளே நுழைந்துவிடும், புதிர் சப்பென்று ஆகிவிடும். ஓடப்போகும் இன்ஜினைக் கையில் வாங்கி, மூன்று வேகனோடு சேர்த்து அளந்த பிறகுதான் பஃபர் கட்டையை ஒட்ட வேண்டும்.

புதுசு (மதுரை)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எதற்கு மீட்டர் கேஜ்? இப்போது கிட்டத்தட்ட எல்லாமே பிராட் கேஜ்தானே, அந்த அகஸ்தியம்பள்ளிப் பாதைகூட 2023-இல் அகலப் பாதையாகத் திறந்தாயிற்றே?

ஈயப்பற்று (கோவை)

நம் பிராட் கேஜ் 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். அந்த அகலத்தில் கடையில் தண்டவாளம் கிடைக்காது, கையால்தான் கட்ட வேண்டும். அதனால் பெரும்பாலானவர்கள் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் இந்திய வண்டிகளை ஓட்டுகிறார்கள். ஓடும், ஆனால் முன்னால் நின்று பார்த்தால் அகலமான ஆள் ஒட்டிய கால்களோடு நிற்பது போலத் தெரியும். மீட்டர் கேஜ் 1,000 ÷ 87 = 11.5. கிடைக்கும் தண்டவாளம் 12. அரை மி.மீ. வித்தியாசம் யார் கண்ணுக்கும் படாது. பீக்கோ, டில்லிக் கம்பெனிகள் 12 மி.மீ.-இல் தண்டவாளம், பாயின்ட் இரண்டும் போடுகிறார்கள். சுவிஸ் மலைப்பாதைகளை மாடல் செய்பவர்களின் புண்ணியம்.

இன்ஜினுக்கும் அதே 12 மி.மீ. கைகொடுக்கிறது. 2022-இல் ஹார்ன்பி கம்பெனி 1:120 அளவில் ஒரு வரிசையைத் தொடங்கியது, அதற்கும் கேஜ் 12 மி.மீ.தான். அந்த ஆறு சக்கர ஷண்டர் சேஸிஸுக்கு மேல் 1:87-இல் பிளாஸ்டிக் தகட்டிலோ 3டி பிரின்ட்டிலோ ஒரு உடம்பு கட்டினால், உப்புக் கம்பெனியின் சொந்த டீசல் தயார். கற்பனை சைடிங்குக்குக் கற்பனை இன்ஜின், யார் கேட்கப் போகிறார்கள்?

குரோய்டன்காரன் (லண்டன்)

இலங்கையிலும் இதே பிரச்சினைதான், அங்கேயும் ஐந்தரை அடிப் பாதை. ஆனையிறவில் உப்பளமும் ஸ்டேஷனும் பக்கம் பக்கம். அதைச் செய்யலாம் என்று ஒரு காலத்தில் யோசித்தேன். 1:76-இல் போனால் 22 மி.மீ. கேஜ் வேணும். பாயின்ட்டைக் கையால் கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

பொன்மலை ரிடையர்டு (திருச்சி)

யார் கேட்பார்கள் என்றால் நான் கேட்பேன். ஆனாலும் சின்ன இன்ஜினுக்கு ஓட்டுப் போடுகிறேன், ஏனென்றால் அந்த இடத்தில் அது பொருந்தும்.

எனக்குச் சரியாகப் படாதது சீட்டுக் குலுக்கல். உண்மையான யார்டில் எந்த வேகன் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். தம்பி, உங்கள் மூன்று சைடிங்குக்கும் வேலை கொடுங்கள். நீளமானது, கூட்ஸ் வண்டி சேரும் இடம். மூன்றில் ஒன்று, மூட்டை ஏற்றும் மேடை. இன்னொன்று சிக் லைன். உப்பு ஏற்றினால் வேகன் தகடு அரித்துத் துருப்பிடிக்கும், கதவு ஒட்டிக்கொள்ளும். அந்த மாதிரி வேகனை ஒதுக்கி நிறுத்த ஒரு இடம் வேண்டும். காலி வேகன் மேடைக்கு, ஏற்றிய வேகன் வண்டிக்கு, பழுது சிக் லைனுக்கு. அந்த முட்டுப்பாதைக்கு நாங்கள் சொல்வது ஷண்டிங் நெக்.

வேகமும் முக்கியம். பொது விதிப்படி ஷண்டிங் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வெடிபொருள் ஏற்றிய வேகன் என்றால் அதிலும் கிட்டத்தட்ட பாதிதான். மாடல் ரயில் வீடியோக்களில் வேகனை இடித்துத் தள்ளுவதைப் பார்த்தால் எனக்கு விசில் ஊதத் தோன்றும்.

ஈயப்பற்று (கோவை)

15 கி.மீ. என்றால் நொடிக்கு 4.17 மீட்டர். 87-ஆல் வகுத்தால் நொடிக்கு 4.8 செ.மீ. பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 25 நொடி. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள், ரொம்ப மெதுவாகத் தோன்றும். நாலடி பலகை பெரிதாகத் தெரிய இதைவிட மலிவான வழி கிடையாது.

அந்த வேகத்தில் இன்ஜின் நிற்காமல் போக மின்சாரம் ஒழுங்காக இருக்க வேண்டும். பாயின்ட்டின் நடுவில் இரண்டு தண்டவாளமும் சேரும் மூக்குப் பகுதி பிளாஸ்டிக்காக இருந்தால் ஆறு சக்கரக் குட்டி இன்ஜின் அங்கேதான் படுத்துக்கொள்ளும். உலோக மூக்கு உள்ள பாயின்ட்டை வாங்கி, மூக்குக்கு அப்பால் இரண்டு உள் தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் இணைப்பான் போட்டு, மூக்குக்குத் தனி வயர் கொடுத்து, பாயின்ட் திரும்பும்போதே அந்த வயரும் மாறும்படி ஒரு ஸ்விட்ச் வையுங்கள். ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் கீழிருந்து தனித்தனி வயர். இணைப்பானை நம்பாதீர்கள், சென்னைக் காற்றில் அது சீக்கிரம் கறுத்துவிடும். டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாடு போட்டால் 128 வேகப் படிகள் கிடைக்கும். இன்ஜினுக்குள் ஒரு கெப்பாசிட்டரும் வைத்துவிட்டால் அழுக்குப் புள்ளியைத் தாண்டிப் போய்விடும்.

நாலுக்கு ஒண்ணு (சென்னை)

சரி, லூப் போச்சு, நாலாவது சைடிங் போச்சு, ஒய்.டி.எம்.-4 ஷோகேஸுக்குப் போகிறது. பொன்மலை சார் சொன்ன மூன்று வேலைகளையும் எடுத்துக்கொள்கிறேன். சீட்டை விட மனமில்லை, ஆனால் சீட்டில் வேகன் எண்ணோடு "ஏற்று", "பழுது" என்றும் எழுதிவிடலாம்.

ஒரு சந்தேகம். டைம்சேவர் என்று ஒன்றைப் பற்றியும் படித்தேன். அதில் லூப் இருக்கிறதே, அது எப்படிச் சின்ன இடத்தில் அடங்குகிறது?

குரோய்டன்காரன் (லண்டன்)

டைம்சேவர் கலிபோர்னியாவில் ஜான் ஆலன் போட்டது, 1972-இல் வெளிவந்தது. ஐந்து பாயின்ட், குட்டையான லூப், இரண்டு பக்கமும் முட்டுப்பாதைகள். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோம் என்பதுதான் போட்டி. விளையாட்டாகக் கெட்டிக்காரத்தனமானது, நான் மறுக்கவில்லை. ஆனால் காட்சியமைப்பு போட்டால் உயிரில்லாமல் இருக்கும். அப்படி ஒரு யார்டை எந்த ரயில்வேயும் கட்டியிருக்காது. நேரம் பார்த்து ஓட்டினால் நீங்கள் இப்போதுதான் ஒத்துக்கொண்ட 4.8 செ.மீ. வேகமும் காற்றில் போகும்.

தேரிக்காடு (தூத்துக்குடி)

பாதை பற்றிப் பேசி முடித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், காட்சியமைப்புக்கு வருகிறேன். தட்டை நிலம் என்று கவலைப்பட வேண்டாம். இங்கிள்நுக்குக்கு மலையைவிடத் தட்டை நிலம் நல்லது. பாதை பலகைக்கு வெளியே எங்கும் போகவில்லை, குகைக்குள் மறைக்க வேண்டிய தேவையே இல்லை.

உப்பளத்தை வெள்ளை வெளேர் என்று செய்துவிடாதீர்கள், பெரும்பாலானவர்கள் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கடல் தண்ணீர் முதலில் வந்து நிற்கும் பாத்தி சேற்றுப் பச்சையும் பழுப்புமாக இருக்கும். தண்ணீர் வற்றி உப்பு ஏற ஏற ஒருவகை நுண்ணுயிரால் இளஞ்சிவப்பு ஏறும். கடைசிப் பாத்தியில்தான் வெள்ளைப் படிவு. ஓரடி அகலத்தில் முன்பக்கம் ஒரு வெள்ளைப் பாத்தி, பின்னால் ஒரு சிவப்புப் பாத்தி, அதற்கும் பின்னால் பின்திரையில் வரைந்த பழுப்புப் பட்டை. ஆழம் தானாக வந்துவிடும்.

பாத்தி செய்ய 3 மி.மீ. ஃபோம் போர்டை வெட்டி எடுத்துவிட்டு, அடியில் வண்ணம் பூசி, மேலே பளபளக்கும் வார்னிஷை மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசுங்கள். ரெசின் வேண்டாம். பாத்தியில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இருக்காது, ரெசின் ஊற்றினால் நீச்சல் குளமாகிவிடும். வரப்புக்குக் களிமண் தூளில் ஃபெவிகால் கலந்து விரலாலேயே இழுத்துவிடலாம். வரப்பு கோணலாக வந்தால்தான் நன்றாக இருக்கும்.

அம்பாரம்தான் உங்கள் மலை. குவித்த உப்பை ஓலை போட்டு மூடி வைத்திருப்பார்கள். இரண்டு மூடியது, ஒன்று பாதி திறந்து மூட்டை பிடிப்பது. ஓலைக்குப் பழுப்புத் தாளைப் பொடியாகக் கத்தரித்து அடுக்குங்கள், அல்லது தேங்காய் நாரை ஒரே திசையில் சீவி ஒட்டுங்கள்.

மரம் அதிகம் வேண்டாம். பனை மூன்று, நான்கு. உயரத்தைக் கணக்குப் போட்டுவிட்டுச் செய்யுங்கள்: 15 மீட்டர் பனை இந்த அளவில் 17 செ.மீ. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் தென்னை அதில் பாதிகூட வராது. கம்பியைச் சுற்றி பேப்பர் டேப், அதன் மேல் மணல் கலந்த வண்ணம். மட்டைக்கு விசிறி மாதிரி மடித்த தாள். பனை உயரமாக நின்றால் பக்கத்தில் இருக்கும் வேகன் தானாகவே சிறிதாகிவிடும். மற்றபடி சீமைக் கருவேலம் போதும், அதற்கு நிஜமான காய்ந்த வேர்த் துண்டுகளே சரியான உருவத்தில் கிடைக்கும்.

புதுசு (மதுரை)

அக்கா, உப்பளம்தானே, நிஜ உப்பையே கொட்டி ஒட்டிவிட்டால் என்ன?

தேரிக்காடு (தூத்துக்குடி)

வேண்டவே வேண்டாம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசியில் அம்பாரம் அழத் தொடங்கும், அந்தத் தண்ணீர் தண்டவாளத்துக்குப் போகும், சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் போகும். சமையல் சோடாவும் அதே கதைதான்.

கோலப்பொடி வாங்குங்கள், அதுவும் கல்மாவுக் கோலப்பொடி. அரிசி மாவு கலந்தது என்றால் எறும்பு வந்து உங்கள் உப்பளத்தை ஏலம் எடுத்துவிடும். வார்னிஷ் ஈரமாக இருக்கும்போதே டீ வடிகட்டியால் தூவுங்கள். அங்கங்கே ஒரு துளி வெளிறிய சாம்பல் நிறம் தொட்டு வையுங்கள்.

நாலுக்கு ஒண்ணு (சென்னை)

கோலப்பொடி அருமை. தரைக்கு என்ன? பீச்சில் மணல் அள்ளி வரலாமா?

தேரிக்காடு (தூத்துக்குடி)

அள்ளி வரலாம், ஆனால் முதலில் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உப்பைப் போக்க வேண்டும். பிறகு வாணலியில் வறுத்து, சலித்து, கடைசியாகக் காந்தத்தை மெதுவாக அதன் மேல் ஓட்டுங்கள். நம் கடற்கரை மணலில் கறுப்புக் கனிம மணல் கலந்திருக்கும், அதில் ஒரு பங்கு காந்தத்தில் ஒட்டும். அது இன்ஜின் மோட்டாருக்குள் போனால் அவ்வளவுதான். வண்டல் மண் கிடைத்தால் இன்னும் நல்லது, நிறமும் அதுதான்.

சைடிங்கில் ஜல்லியைப் பளிச்சென்று போடாதீர்கள். ஸ்லீப்பர் கட்டையின் மேல்பக்கம் வரை மண் மூடியிருக்கட்டும். மண்ணைத் தூவி, தண்ணீர் ஸ்ப்ரே அடித்து, ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்து டிராப்பரில் விடுங்கள். பாயின்ட்டின் நகரும் நாக்குக்குப் பக்கத்தில் மட்டும் பசை போகக் கூடாது. அங்கே முன்கூட்டியே ஒரு சொட்டு எண்ணெய் வைத்துவிடுங்கள்.

புல்லுக்கு 2 மி.மீ. வைக்கோல் நிற நார் போதும். உப்பு விளையும் காலம் வெயில் காலம், பச்சைப் புல்வெளி வந்தால் படம் கெட்டுவிடும். நாரை நிமிர்ந்து நிற்க வைக்கக் கொசு பேட்டைப் பிரித்து ஒரு கருவி செய்வார்கள், ஈயப்பற்று சொல்வார்.

ஈயப்பற்று (கோவை)

பேட்டின் ஒரு வயர் உலோக டீ வடிகட்டிக்கு, இன்னொன்று ஒரு ஆணிக்கு. ஆணியை ஈரமான பசையில் குத்தி, வடிகட்டியில் நாரைப் போட்டு, பொத்தானை அழுத்திக்கொண்டு மேலே குலுக்கினால் நார் செங்குத்தாக நிற்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் இருக்கும், பிரிக்கும் முன் இரண்டு முனையையும் காப்புப் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து வெளியேற்றிவிடுங்கள். வேலை செய்யும்போது இன்ஜினும் கன்ட்ரோலரும் பலகையில் இருக்கக் கூடாது. மண்ணை நனைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால் தெளித்திருந்தால் அந்த ஈரம் காயும் முன் இந்தக் கருவியைத் தொடவே தொடாதீர்கள், பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

புதுசு (மதுரை)

கப்ளிங் பற்றி யாரும் பேசவில்லையே. ஷண்டிங்கில் பாதி வேலை அதுதானே?

குரோய்டன்காரன் (லண்டன்)

கேடீ கம்பெனி செய்வது மாதிரி, விரல் மடங்கிப் பிடிக்கும் கப்ளர் போடுங்கோ. தண்டவாளத்துக்கு நடுவில் காந்தம் புதைத்தால் தானாகவே கழலும், ஆனால் இவ்வளவு சின்ன இடத்தில் காந்தத்துக்கு மேல் நிற்கும்போது வேண்டாத இடத்திலும் கழலும். இங்கே அனேகம் பேர் மூங்கில் குச்சிதான் வைத்திருக்கிறார்கள். நுனியைக் கொஞ்சம் சீவி, இரண்டு கப்ளருக்கும் நடுவில் மேலிருந்து விட்டு லேசாகத் திருப்பினால் பிரிந்துவிடும். குச்சி போக வழி வேணும், அதனால் சைடிங்குக்கு முன்னால் உயரமான எதையும் வைக்காதீர்கள். பனை மரங்களைப் பின்வரிசையில் நடுங்கோ.

எல்லா வேகனிலும் கப்ளர் ஒரே உயரத்தில் இருக்க வேணும். கடை அளவி 16.5 மி.மீ. தண்டவாளத்துக்குச் செய்தது. ஒரு வேகனைச் சரியாக வைத்து, அதைப் பார்த்துத் தடித்த அட்டையில் நீங்களே ஒன்று வெட்டிக்கொள்ளலாம்.

பொன்மலை ரிடையர்டு (திருச்சி)

எல்லாம் சரி, எட்டு வேகன் என்கிறீர்களே, ரயில் கார்டு எதில் போவார்? அந்தக் காலத்தில் கார்டின் பிரேக் வேன் இல்லாமல் வண்டி கிளம்பாது. அது ஒன்பதாவதா, எட்டில் ஒன்றா?

நாலுக்கு ஒண்ணு (சென்னை)

ஒன்பதாவது வைத்தால் 5-3-3 கணக்கே மாறிவிடும், சார். எட்டில் ஒன்றாக வைத்துக்கொள்கிறேன். எந்தச் சீட்டு வந்தாலும் பிரேக் வேன் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்று விதி.

ஈயப்பற்று (கோவை)

அப்படியானால் மிச்சம் 7 வேகனிலிருந்து 4. 7 × 6 × 5 × 4 = 840 வரிசை. 6,720-இல் எட்டில் ஒரு பங்குதான், ஆனால் பிரேக் வேன் மேடை சைடிங்கின் கடைசியில் மாட்டிக்கொள்ளும் நாளில் அது ஒன்றே உங்களைப் படுத்திவிடும்.

பொன்மலை ரிடையர்டு (திருச்சி)

அது சரியான ஷண்டிங். பிரேக் வேனை எந்த முனையில் வைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். வண்டி திருத்துறைப்பூண்டி பக்கம் கிளம்பினால் இன்ஜின் நெக் பக்கம், பிரேக் வேன் நீளமான சைடிங்கின் பஃபர் கட்டைப் பக்கம். அப்படியென்றால் அந்த சைடிங்குக்குள் முதலில் போக வேண்டியது அதுதான்.